மாமாவின் விறாந்தையில் ஒரு நிலவறை

‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’ என்ற கொம்பியூட்டர் விளையாட்டு முழுவதும் ஒரேயொரு புளொப்பியில் அடங்கிவிடும். மூன்றரை அங்குலத் தட்டு, 1.44 மெகாபைற். அதற்குள் சுல்தானின் அரண்மனை, அதன் அடியில் நிலவறைகள், ஏறி இறங்கும் இரும்புக் கதவுகள், தரையைப் பிளந்து எழும் ஈட்டிகள், சூழ்ச்சிக்கார மந்திரி ஒருவன், அவன் சிறைவைத்திருக்கும் இளவரசி, அவளை மீட்க ஓடும் வெள்ளுடுப்பு இளைஞன் எல்லாம் இருந்தன. யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்கள் மாமா வீட்டு விறாந்தைக்கு அந்தத் தட்டு வந்து சேர்ந்தது சமாதான காலத்தில். அந்த நாலு வருசத்தை ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்த சாமான்கள் ஓமந்தையும் முகமாலையும் தாண்டி லொறி லொறியாக வரத் தொடங்கின. ஏ9 என்கிற கண்டி வீதி எங்கள் ஊரை ஊடறுத்துப் போகிறது. செம்மணி வெளியைக் கடந்தவுடன் முதலில் வருவதே அரியாலைதான். அதனால் யாழ்ப்பாணத்துக்குப் போன மெத்தை, பிறிட்ஜ், மோட்டார் சயிக்கிள், பிளாஸ்ரிக் கதிரை எல்லாவற்றையும் படலையில் நின்றே பார்த்தோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து மூட்டை முடிச்சோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததும் இதே வீதியால்தான். அதைக் கண்ட பெரியவர்கள், இப்போது எதிர்த்திசையில் சாமான் வருவதை வேறொரு முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்படி வந்த வான் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. உள்ளே பழைய போர்வையில் சுற்றிய கொம்பியூட்டர். கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டது. 486 இனம், 66 மெகாஹேர்ட்ஸ், 8 மெகாபைற் றாம். உலகம் அப்போது பென்ரியம் நாலுக்குப் போயிருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு குறையாக எவரும் நினைக்கவில்லை. பதினாலு அங்குல மொனிற்றர் கறுப்பு வெள்ளை. கூடவே, ஓரத்தில் துளைத் துளையாகத் தாள் இழுக்கும் டொட் மேற்றிக்ஸ் பிறின்ரர். மாமி மொனிற்றர் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். சித்திவிநாயகருக்கு ஒரு தேங்காய் உடைபட்டது.

மாமா அதை வாங்கியது விளையாட அல்ல. அவர் றெயில்வேயில் கிளாக்கர். 1990 இல் யாழ்தேவி றெயில் வராமல் விட்டதோடு அவருடைய புங்கன்குளம் ஸ்ரேசனும் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் மூடப் போயின. ஸ்ரேசன் இருந்த இடத்தில் எருக்கலை முளைத்தது. கை எழுத்தும் கணக்கும் மட்டும் மிஞ்சிய மனிதர், அறுபது நெருங்குகையில் பாமினி எழுத்துரு பழகினார். விறாந்தையின் ஒரு மூலையைப் பலகையால் மறித்து, அதற்குள் இருந்து கல்யாண அழைப்பிதழும் கல்வெட்டும் அடித்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு நூல். தேவாரம், வம்சாவளி, மகள் புலம்பல், பேரர் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். பாதை திறந்ததும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். தாய் தகப்பனின் செத்த வீட்டுக்கு வரமுடியாமற் போனவர்கள் ஆண்டுத் திவசத்துக்காவது ஒரு புத்தகம் வேண்டும் என்றார்கள். மாமாவுக்குக் கை ஓயவில்லை.

பகலில் அந்த மொனிற்றரில் புலம்பல் ஓடும். பின்னேரம், ரியூசன் முடிந்து நாங்கள் வந்தபிறகு, நிலவறை ஓடும்.

தட்டைக் கொண்டுவந்தவர் ரவுணில் கொம்பியூட்டர் வகுப்பு எடுத்த ஓர் அண்ணை. மழையும் வியர்வையும் படாமல் இரண்டு கொப்பி மட்டைகளுக்கு நடுவே வைத்து, சேட்டுப் பொக்கற்றில் செருகி, சயிக்கிளில் வந்தார். உள்ளே தள்ளியதும் றைவ் கர்ரென்று அரைத்தது. அரைத்து அரைத்து நின்றது. ஏ றைவை வாசிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி. அடியில் மூன்று சொல்: அபோர்ட், றீற்றை, ஃபெயில். அந்தக் காலத்தில் டொஸ் பாவித்த எவருக்கும் அந்த மூன்றும் மனப்பாடமாயிருக்கும். அண்ணை ‘ஆர்’ விசையைத் தட்டினார். மறுபடி அரைப்பு. மறுபடி ‘ஆர்’. வெளியே எடுத்து, தகரக் கதவை நகத்தால் விலக்கி, உள்ளே தெரிந்த மண்ணிறத் தட்டைப் பார்த்து மெல்ல ஊதினார். மாமி சாமியறையிலிருந்து பஞ்சு கொண்டுவந்தார். பிறின்ரர் துடைக்கும் ஸ்பிறிற்றில் தோய்த்து றைவின் வாயைத் துடைத்தார்கள். மறுபடி உள்ளே. இந்த முறை அரைப்பு இல்லை; சின்னச் சின்னத் தட்டல் சத்தம் மட்டும். ஒரு கோப்பு வந்தது. இன்னொன்று வந்தது.

கோப்புகளின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியதை நான் இப்போதும் கண்ணுக்கு முன்னால் காண்கிறேன். கிட், கார்ட், ஃபற், ஷடோ, ஸ்கெல், விசியர். எல்லாவற்றின் வாலிலும் டொட் டாற். பக்கத்து வளவு அக்கா அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொன்றாக வாசித்துப் பொருள் சொன்னார்: பெடியன், காவற்காரன், கொழுத்தவன், நிழல், எலும்புக்கூடு, மந்திரி. விளையாட்டு தொடங்கும் முன்பே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எந்த மூலையில், எப்போது எழும்புவார்கள் என்பதுதான் தெரியாது.

காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அதோடு ஒரு கைந்நூலும் கிடைத்திருக்கும். முதல் மட்டம் முடிந்ததும் போத்தல்கள் நிறைந்த ஓர் அறை வரும். கைந்நூலின் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதலெழுத்து எது என்று கேட்கும். சரியான எழுத்துக்கு எதிரே இருக்கும் போத்தலைக் குடித்தால்தான் மேலே போகலாம். கள்ளக் கொப்பிக்கு விளையாட்டை விற்றவர்கள் போட்ட பூட்டு அது. எங்களிடம் வந்த தட்டில் அந்தப் பூட்டை யாரோ ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். ஆகவே எந்த விசை எதற்கு என்பதை நாங்களாகவே தட்டித் தட்டிக் கண்டுபிடித்தோம்.

ஷிஃப்ற் விசையை அழுத்திக்கொண்டு நகர்ந்தால் இளவரசன் ஓடாமல் ஓரடி மட்டும் வைப்பான். அக்காவின் கண்டுபிடிப்பு அது. ஓடினால் ஈட்டி குத்தும். ஓரடி ஓரடியாக நடந்தால் ஈட்டிகளின் ஊடாகவே போய்விடலாம். சில ஓடுகள் கால் பட்டதும் ஆடி விழும். இன்னும் சில, மிதித்தால் தூரத்தில் ஒரு கதவைத் திறக்கும்; வேறு சில திறந்ததைச் சாத்தும். அக்கா ஒவ்வொரு ஓட்டையும் சந்தேகித்தார். 2000 மேயில் சண்டை எங்கள் ஊர் மட்டும் வந்து நின்றது. கிழக்கு அரியாலைப் பக்கம் அக்காவின் தகப்பனாருக்குத் தென்னங்காணி இருந்தது. சமாதானம் வந்தும் அங்கே போக முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வேலி நெடுக நின்றன. மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் ஆட்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் எங்களுக்கு மிதிவெடிப் பாடம் நடந்தது. தெரியாத பொருளைத் தொடாதே, போன வழியாலேயே திரும்பி வா. அக்கா விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்த மாமா, “இந்தப் பிள்ளைதான் காணிக்குள்ளை இறங்கத் தகுதியான ஆள்” என்றார்.

கறுப்பு வெள்ளை மொனிற்றர் எங்களை ஓர் இடத்தில் கடுமையாக வதைத்தது. நிலவறைகளில் ஆங்காங்கே போத்தல்கள் இருக்கும், வாயில் குமிழி பறக்கும். சிவப்புக் குமிழி உயிர் தரும். நீலக் குமிழி உயிரில் ஒன்றைப் பறிக்கும். எங்கள் திரையில் இரண்டும் சாம்பல். எது மருந்து, எது நஞ்சு என்று குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டதை மறக்காமல் குறித்துவைக்க வேண்டும். மாமாவின் பிறின்ரர் கழித்த தாள்களில் அக்கா வரைபடம் கீறினார். ஒரு பக்கம் யாரோ ஒரு தாத்தாவின் பேரர் புலம்பல். மறுபக்கம் மூன்றாம் மட்டத்து நிலவறை, கதவுகள், ஓடுகள், ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு குறி. நல்லதுக்குப் புள்ளி, கெட்டதுக்குப் புள்ளடி.

இன்னொரு பகை மின்சாரம். 1990 இல் நாட்டின் மின் வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணம், மறுபடி அதனோடு பொருந்தியது 2013 இல். இடையில் தொண்ணூறுகளின் முற்பாதி முழு இருட்டு. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சயிக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பிய மோட்டார் சயிக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. பிறகு சுன்னாகத்தில் ஜெனரேற்றர்கள் இரைந்தன, கரண்ட் வந்தது. வந்தும், பின்னேரம் ஊரெல்லாம் லைற் போட்டவுடன் வோல்ற்றேஜ் இறங்கும். மொனிற்றரில் படம் நாலு ஓரமும் உள்ளே ஒடுங்கும். ஸ்ரெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இளவரசன் ஒரு பள்ளத்துக்கு மேலே பாய்ந்துகொண்டிருந்தால், விறாந்தையில் இருந்த அத்தனை பேரும் மூச்சை விடாமல் நிற்போம்.

விளையாட்டுக்கு உள்ளேயும் ஒரு நேரக் கணக்கு. மந்திரி இளவரசிக்குக் கொடுத்த தவணை ஒரு மணித்தியாலம். அறுபது நிமிடத்துக்குள் பன்னிரண்டு மட்டத்தையும் தாண்டி அவளிடம் போய்ச் சேரவேண்டும். செத்தால் அந்த மட்டத்தின் தொடக்கத்திலிருந்து திரும்பவும் ஓடலாம். போன நேரம் போனதுதான். மாமாவை இழுத்தது இதுதான். வாளும் மந்திரியும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. கால அட்டவணையோடு வாழ்ந்த மனிதர் சாய்மனைக் கதிரையில் உதயன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இன்னும் எத்தினை நிமிசமடா?” என்று கேட்பார். இடைவெளி விசையைத் தட்டி மிச்ச நிமிடத்தைச் சொல்லுவோம். “நாலாவது ஸ்ரேசனிலையே இவ்வளவு பிந்தினால் எப்பிடிக் காங்கேசன்துறை போய்ச் சேருறது?” அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்படுவார்.

நாங்கள் அதை எப்படி விளையாடினோம் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதிப் பயனில்லை. ஒரு கதிரை, ஒரு கீபோட், ஒரே ஒரு சேமிப்பு இடம். சேமிப்பதும் மூன்றாம் மட்டத்திலிருந்துதான். யாருக்கும் தனி ஆட்டம் கிடையாது. எல்லாருக்கும் சேர்த்து ஓர் இளவரசன். ஆகவே மட்டங்களைப் பங்கு பிரித்துக்கொண்டோம். மச்சானுக்கு வாள் கை நல்லது. மூன்றாம் மட்டத்தில் விழுந்து கிடந்து திடீரென எழும்பும் எலும்புக்கூடும், ஆறாம் மட்டத்துக் கொழுத்த காவற்காரனும் அவனுடையவை. ஈட்டியும் கத்திக் கதவும் உள்ள இடமெல்லாம் அக்காவுடையவை. ஒழுங்கையின் கடைசி வீட்டுச் சின்னப் பெடியன் ஏழாம் மட்டத்துக்கு உரியவன். அந்த வயதில் அவனுக்கு உயரத்திலிருந்து விழப் பயமே இல்லை. எனக்கு எட்டாம் மட்டம்.

எட்டாம் மட்டத்தில் ஓரிடத்தில் கதவு சாத்திக்கொள்ளும். திறக்க வழியே இருக்காது. சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தோம். ஒரு பின்னேரம் மாமி பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்தார். கீபோட்டை விட்டுவிட்டு எல்லாரும் குடிக்கத் தொடங்கினோம். திரையில் எங்கிருந்தோ ஒரு சுண்டெலி ஓடிவந்தது. இளவரசி அனுப்பிய எலி. அது ஓடில் ஏறி மிதித்தது, கதவு உயர்ந்தது. தேத்தண்ணி சிந்தியது. சும்மா இருந்து காத்திருப்பதுதான் அங்கே வழி என்று அறிந்தபிறகு, அந்த மட்டத்தை என்னிடம் தந்துவிட்டார்கள். மற்ற எவருக்கும் பொறுமை இல்லையாம்.

நாலாம் மட்டத்தில் வழியை மறித்து ஒரு கண்ணாடி வரும். ஓடிவந்து பாய்ந்தால் கண்ணாடியை ஊடுருவி அந்தப் பக்கம் போகலாம். அப்போது மறுபக்கத்தால் இன்னொருவன் பாய்வான். இளவரசனின் நிழல். அவன் ஐந்தாம் மட்டத்தில் எங்கள் போத்தலை எங்களுக்கு முன்னால் குடித்தான். ஆறாம் மட்டத்தில் கதவைச் சாத்தி எங்களைக் கீழே விழுத்தினான். பன்னிரண்டாம் மட்டத்தில் வாளோடு எதிரே வந்து நின்றான். அவனைக் குத்தினால் எங்கள் உயிர் குறைந்தது. மச்சான் குத்திக் குத்திச் செத்தான். கடைசியில் அக்கா கதிரையில் இருந்து வாளை உறையில் போட்டார், நிழலும் போட்டது, இருவரும் நடந்து வந்து ஒன்றானார்கள். முடிவு வரை நாங்கள் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு முறைதான். மாமா எழும்பி நின்று பார்த்தார்.

அந்த நிழல் ஏன் வந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். விளையாட்டை ஆக்கியவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர். தன் தம்பிக்கு வெள்ளுடுப்புப் போட்டு, வாகனத் தரிப்பிடத்தில் ஓடவும் பாயவும் விட்டு 1985 இல் வீடியோ எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து ஒவ்வோர் அசைவாகக் கீறினார். எங்கள் இளவரசன் ஓடி நிற்கும்போது கால் சறுக்கி உடம்பு பின்னே சாய்வது அவ்வளவு உயிராக இருந்ததன் காரணம் அது. 1989 இல் முதலில் வெளிவந்தது ஆப்பிள் டூ கணினியில். அத்தனை அசைவும் அந்தச் சின்ன நினைவகத்தை நிரப்பிவிட்டதால், எதிரி ஒருவனைக் கீற முதலில் இடமே மிஞ்சவில்லை. இருந்த இளவரசனையே ஒரு கணக்குத் தந்திரத்தால் ஒளியும் இருளும் மாற்றி, நிழலாக நடக்கவிட்டார். அந்த விளையாட்டின் மிகச் சிறந்த பாத்திரம் பற்றாக்குறையில் பிறந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சயிக்கிள் ஓட்டிய ஊரில் வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது மெக்னர் மிக அருகில் வந்துவிட்டார். இசையமைத்த அவருடைய தகப்பனார், நாசிகளுக்குத் தப்பிச் சிறுவயதில் வியன்னாவை விட்டு ஓடிய யூத அகதி என்பதையும் அறிந்தபோது இன்னும் அருகில்.

2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடப்பட்டது. விலைகள் ஏறின, கரண்ட் குறைந்தது, ஊரடங்கு வந்தது. பின்னேரம் ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லை. மச்சானைக் கப்பலில் கொழும்புக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து லண்டன். அக்கா வீட்டார் முதலில் வவுனியா, பிறகு கனடா. போகும்போது வரைபடத் தாள்களையும் கொண்டுபோனாரா, அடுப்புக்குள் போயிற்றா, தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. சின்னப் பெடியன் வளர்ந்து அவனும் கனடா போனான். மாமா மட்டும் அந்த 486 இல் கல்வெட்டு அடித்துக்கொண்டிருந்தார், அது ஒருநாள் கிளம்ப மறுக்கும்வரை. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி றெயில் வந்தது. புங்கன்குளத்தில் நின்று அது போவதைப் பார்த்தார். அவருடைய கல்வெட்டை வேறு யாரோ, வேறொரு கொம்பியூட்டரில் அடித்தார்கள். எழுத்துரு பாமினிதான்.

வீட்டைத் திருத்தியபோது நான் போய் அந்த மூலையைக் கிளறினேன். புளொப்பி கிடைத்தது. தகரக் கதவு துருப்பிடித்திருந்தது. விலக்கிப் பார்த்தால் தட்டு முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். மெக்னரின் தட்டுகளுக்கு வேறு விதி வாய்த்தது. தொலைந்துபோயிற்று என்று அவர் நினைத்திருந்த ஆப்பிள் டூ மூல நிரல், தகப்பனார் வீட்டில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. 2012 இல் தகப்பனார் அதை அனுப்பிவைக்க, பழைய தட்டுகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் கூடி மீட்டார்கள். உலகில் எவரும் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார் மெக்னர். அந்த நிலவறையை மறுபடி கட்டலாம்.

கட்டியும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஆடிய டொஸ் விளையாட்டும், பழைய டொஸ் நிரல்களை ஓட்டும் டொஸ்பொக்ஸை இப்போது மடிக்கணினியில் போட்டால், ஒரு நொடியில் ஓடுகிறது. அரைப்பு இல்லை, ‘ஆர்’ இல்லை. நிறமும் வருகிறது, நிலவறைச் சுவர் நீலமாக இருந்தது என்பதை நடுவயதில் கண்டேன். முதல் ஆறு மட்டத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகிய நினைவில் எப்படியோ தாண்டிவிட்டேன். ஏழில் நின்றுவிட்டேன். அங்கே மிக ஆழமான ஒரு பள்ளம். மெதுவாக விழவைக்கும் போத்தல் ஒன்று இருக்கிறது. அதைக் குடித்துவிட்டுத்தான் குதிக்கவேண்டும் என்று தெரியும். எங்கிருந்து, எந்தப் பக்கமாக என்பது கடைசி வீட்டுச் சின்னப் பெடியனுக்குத்தான் தெரியும். இணையத்தில் தேடினால் அரை நிமிட வேலை. நான் தேடவில்லை. கனடாவில் இரவு வேலை முடிந்து அவன் வீடு திரும்பும் நேரம் பார்த்து எடுத்தேன்.

“அண்ணை, இப்பவும் அது ஓடுதோ?” என்றான். பிறகு பெரியதாகச் சிரித்தான். மாமியைக் கேட்டான், கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மா காய்க்குதோ என்று கேட்டான். நான் மட்டத்தைச் சொல்லி, “பச்சைக் குமிழி பறக்கிற போத்தல்தானே?” என்றேன்.

கொஞ்சம் யோசித்தான்.

“பச்சையோ நீலமோ எனக்குத் தெரியாதண்ணை, நான் நிறத்தில அதைக் கண்டதே இல்லை. நீங்கள் இப்ப எந்த இடத்தில நிக்கிறியள்? வலப்பக்கம் என்ன தெரியுது? அதைச் சொல்லுங்கோ.”